கால் மணி நேரத்தில் அடங்காத கொங்கு

அண்ணன்மார் கதை பாட வந்த உடுக்கைக்காரரின் குரல் இனிமையாக இருக்கிறதா என்று கொங்கு நாட்டில் யாரும் முதலில் பார்ப்பதில்லை. விடிய விடியத் தாங்குவாரா, கதையின் நாயகர்களில் ஒருவனான சங்கர் சாயும் இடத்தில் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆத்தாமார் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்களா, ஓரமாக நிற்கிற ஒருவனுக்காவது அருள் வருகிறதா என்பதுதான் அங்கே கணக்கு. 1966இல் கோவை வானொலி நிலையம் தொடங்கிய பிறகு அதே கலைஞருக்கு வேறொரு கணக்கும் வந்து சேர்ந்தது: சுருதி விலகுகிறதா, உச்சரிப்பு தெளிவா, கொடுத்த நேரத்துக்குள் முடிக்கிறாரா? இரண்டும் தரம் பார்க்கும் வேலைதான். ஆனால் இரண்டும் பார்த்தது ஒரே பொருளை அல்ல. கொங்கின் பாட்டு மரபுகளை எழுதப் புகுந்தால் இந்த இரண்டு அளவுகோல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலிடம் உடுக்கைக்கு. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி என்று மூவரைச் சுற்றி ஓடும் அண்ணன்மார் கதை, அவர்களின் பாட்டன் காலத்திலிருந்தே தொடங்கும். பிறப்பு, பங்காளிச் சண்டை, வேட்டை, கொம்பன் என்ற காட்டுப்பன்றி, போர், சாவு, தங்கை அண்ணன்மாரை ஒருமுறை எழுப்பிப் பார்ப்பது என்று நீளும். இடதுகை உடுக்கையின் நடுக்கயிற்றை இறுக்கினால் ஒலி ஏறும், விட்டால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்திலேயே பாதிக் கதை இருக்கிறது. பாட்டு வரும், வசனம் வரும், பின்பாட்டுக்காரர் இடையிடையே கேள்வி போட்டுக் கதையைத் தள்ளிவிடுவார். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் கதை நின்றுபோகும்.

கோவையில் நிலையம் வருவதற்கு ஓராண்டு முன்பு, 1965இல், காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் ராமசாமி என்ற பாடகர் பாடிய முழுக்கதையையும் பல இரவுகள் உட்கார்ந்து ஒலிநாடாவில் எடுத்தார். கூட்டம் இல்லாமல் அதே பாடகர் சொல்லச் சொல்ல எழுதிய வடிவமும் அவரிடம் சேர்ந்தது. பாடியதும் சொல்லி எழுதியதும் ஒன்றல்ல. கேட்க ஆளிருக்கும்போது வளர்கிற கதை, எழுதுகோலின் முன்னால் வேறு விதமாக நடந்துகொள்கிறது. பிற்பாடு ஒலிப்பதிவுக் கூடத்தில் நம் கலைஞர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கவிஞர் சக்திக்கனல் இந்தக் கதையை அச்சில் கொண்டுவந்தார், கலைஞர் கருணாநிதி நாவலாக்கினார், 2011இல் திரைப்படமாகவும் வந்தது. பெக் அம்மையாரே பின்னாளில் 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராக்கினார். இருந்தும் மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசி மாதம் நடக்கிற படுகளத்தில் இளைஞர்கள் மாண்டவர்களாய் மண்ணில் கிடக்க, தீர்த்தம் தெளித்து எழுப்பும்போது ஏற்படுகிற அதிர்வு எந்தத் திரைக்கும் வந்து சேரவில்லை.

அடுத்தது கும்மி. இன்றைக்குக் கொங்கில் உயிரோடு, கொஞ்சம் கூடுதல் உயிரோடேயே இருப்பது வள்ளிக்கும்மிதான். பொழுது சாய்ந்த பிறகு கோயில் திடலில் வாத்தியார் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்வந்த பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பேரன் எடுத்தவர்கள் என்று எல்லாரும் வட்டத்தில். வள்ளி தினைப்புனம் காக்கப் போவதிலிருந்து முருகனைக் கைப்பிடிப்பது வரை பாட்டு பாட்டாக அடவு பழகி, கடைசியில் ஒரே நிறச் சேலையில் அரங்கேற்றம். இங்கே தனி ஆளின் திறமைக்கு மதிப்பு குறைவு. பாட்டு திரும்பும் இடத்தில் மொத்த வட்டமும் ஒரே மூச்சில் திரும்புகிறதா என்பதே சோதனை. ஒரு கால் தப்பினாலும் பத்துக் கால் தப்பும். அதனால் வாத்தியாரின் கண் எப்போதும் பின்வரிசையில்தான் இருக்கும்.

மேட்டுப்பாளையம் வட்டாரத்தைச் சேர்ந்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அவருக்கு வயது 87. வள்ளி ஒயில் கும்மி ஆண்களுடையது என்று இருந்த வழக்கத்தை உடைத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். இன்றைக்குத் திடல் நிறையப் பெண்கள் ஆடுவதைப் பார்ப்பவர்கள் இது ஆதிகாலத்து ஏற்பாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மரபில் பாதி, யாரோ ஒருவர் துணிந்து மாற்றியதுதான். இதே கும்மி மேடைகள் சிலவற்றில் சாதிப் பெருமையும் ஒலிபெருக்கி ஏறுவதை இங்கே எழுதாமல் விட்டால் நாகரிகமாக இருக்கும். உண்மையாக இருக்காது.

கும்மி வானொலிக்குப் போனால் என்ன ஆகும்? கால் போய்விடும். கைத்தட்டும் பாட்டும் மட்டும் மிஞ்சும். நான்கைந்து பேர் ஒலிவாங்கியைச் சுற்றி நின்று தட்டுகிற கும்மியில் குரல் சுத்தமாக இருக்கலாம், வட்டம் இருக்காது. தப்பு என்ற தோல்கருவிக்கும் இதே கதிதான். தோலை நெருப்பில் காட்டிக் காய்ச்சினால்தான் அது பேசும். ஒலிப்பதிவுக் கூடத்தில் நெருப்பு மூட்ட முடியாது. குளிர்சாதனக் காற்றில் தோல் தொய்ந்து போகும்.

கல்யாண வீட்டு மங்கல வாழ்த்து தனிக்குடும்பம். கம்பர் பாடிக்கொடுத்தது என்பது ஊர் நம்பிக்கை. ஊரின் நாவிதர், அவரை மங்கலன் என்றே சொல்வார்கள், நின்றபடி சொல்லிக்கொண்டே போவார். அடி முடியும் இடத்தில் மத்தளத்தில் ஒரு தட்டு. ராகம் என்று பெரிதாக எதுவும் இல்லை, அடி விடாமல் சொல்வதுதான் வித்தை. முகூர்த்தச் சீர் ஒவ்வொன்றையும் வரிசையாக அந்தப் பாட்டு எண்ணிவைத்திருப்பதால், அதை ஒரு சடங்குக் கையேடாகவும் படிக்கலாம். பாடுகிறவரைப் பந்தியில் கடைசியில் உட்காரவைத்த காலமும் அந்தப் பாட்டோடு சேர்ந்ததே.

கூத்துக்கு வருவோம். சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கம் கூத்தும் தோல்பாவையும் வலுவாக இருந்த நிலம். மேட்டூர் பக்கமிருந்து மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ இதழையும் களரி அமைப்பையும் வைத்துக்கொண்டு அந்தக் கலைஞர்களுக்காக ஓயாமல் பாடுபட்டு வருகிறார். கூத்திலும் நாடகத்திலும் ஆர்மோனியம்தான் முதுகெலும்பு. அந்த ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் தடை செய்தது. கட்டைகளுக்கு இடையில் உள்ள நுண்சுரங்களும் கமகமும் அதில் வராது என்பது காரணம். 1971இல்தான் தடை ஓரளவு தளர்ந்தது. கச்சேரிக்கு அந்த வாதம் பொருந்தலாம். விடியற்காலை மூன்று மணிக்குத் தொண்டை கட்டிப்போன கர்ணனுக்குச் சுருதி எடுத்துக்கொடுக்கிற ஆர்மோனியத்திடம் யாரும் கமகம் கேட்கவில்லை. 31 ஆண்டுகள் கூத்துக்காரர் தன் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வானொலிக்குள் நுழைந்திருக்க முடியும்.

வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் பசிபிக் தீவிலிருந்து வந்த ஹவாயன் கிதாருக்கு வானொலிக் கதவு திறந்தே இருந்தது. கல்கத்தா நிலையத்தில் அது நன்றாகவே வேரூன்றியது. கம்பியின் மேல் உருக்குத் துண்டை வழுக்கிக்கொண்டு போவதால் சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து போகும் வசதி அதற்கு உண்டு. எங்கிருந்தோ வந்த கருவி தேர்வில் வென்றது, ஊரில் பழகிப்போன பெட்டி தோற்றது.

அந்த ஹவாய்த் தீவுகளின் கதையும் நமக்குப் பாடம்தான். 1935 முதல் 1975 வரை வைக்கிக்கி கடற்கரையில் மோவானா ஓட்டலின் ஆலமரத்தடியிலிருந்து ‘ஹவாய் கால்ஸ்’ என்ற வானொலி நிகழ்ச்சி உலகுக்குப் போனது. அலை ஓசை கேட்க வேண்டும் என்பதற்காகவே கரைக்கு ஓர் ஒலிவாங்கியை எடுத்துப்போவார்கள். சுற்றுலாக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்த நிகழ்ச்சி அது. பாட்டில் பெரும்பங்கு ஆங்கிலம். தீவின் சொந்த மொழிப் பாட்டும், கம்பிகளைத் தளர்த்தி மீட்டும் வீட்டுத் திண்ணைக் கிதாரும் பின்வாங்கிக் கிடந்தன. 1970களில் இளைஞர்கள் காபி பஹினூயி போன்ற மூத்தவர்களிடம் திரும்பிப் போனார்கள். ஹவாய் இசையையே நாள் முழுக்க ஒலிபரப்பிய உள்ளூர் வானொலியும் கைகொடுத்தது. அப்போதுதான் தீவுக்காரர் தம் பாட்டைத் தமக்காகக் கேட்டார்கள். வெளியூராருக்குக் காட்டுவதற்காக ஒலிபரப்புவது வேறு, உள்ளூரார் கேட்பதற்காக ஒலிபரப்புவது வேறு.

இந்த இரண்டாவது வேலையைக் கோவை நிலையம் செய்திருக்கிறது என்பதே என் எண்ணம். சென்னை நிலையம் 1938இல், திருச்சி நிலையம் 1939இல் வந்தவை. 1966 வரை கொங்கு நாடு பெரும்பாலும் திருச்சியைத்தான் கேட்டது. தமிழகத்துக்கு நாட்டுப்புறக் குரல் என்றாலே வில்லுப்பாட்டும் மதுரை, நெல்லைத் தெம்மாங்கும் என்று காது பழகிப்போயிருந்தது. ‘ஏனுங்க’ என்று தொடங்கி ‘ங்கோ’ என்று முடிகிற பேச்சு வானொலிப் பெட்டியிலிருந்து வந்தபோது, அது சினிமா சிரிப்புக்கு மட்டும் ஆன பேச்சல்ல என்று ஊருக்குப் புரிந்தது. நாவலில் ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ மூலம் முன்பே செய்த காரியம் அது. விவசாய நிகழ்ச்சிகளுக்கு இதில் பெரிய பங்கு. தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லுக்கு வானொலி நெல் என்றே பெயர் விழுந்ததென்றால், அந்தப் பெட்டியை விவசாயி எவ்வளவு நம்பினான் என்று தெரிகிறது.

வானொலியின் தர வரிசையையும் முழுக்கக் குறை சொல்ல மனமில்லை. குரல் தேர்வில் தேறி ‘பி’ நிலை, பிறகு ‘பி ஹை’, ‘ஏ’ என்று ஏறிய கிராமியக் கலைஞருக்கு ஒப்பந்தத் தாள் வந்தது, காசோலை வந்தது. அரிசியும் வேட்டியும் வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றவரின் பெயரை அறிவிப்பாளர் மரியாதையோடு சொன்னார். சமூகத்தில் இதற்கு இருந்த எடையைச் சங்கீத விமர்சகர்கள் கவனிக்கவில்லை.

மலைப்பக்கம் தனி உலகம். ஆனைகட்டி, அட்டப்பாடி இருளர்களின் குழலும் தோல்கருவிகளும் சமவெளிக்காரர் காதில் விழுந்ததே அபூர்வம். அட்டப்பாடிப் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022இல் தேசியத் திரைப்பட விருது அறிவிக்கப்பட்டபோது, ‘இவருக்கு முறையான பயிற்சி உண்டா’ என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. ஆர்மோனியத் தடையின் பேரப்பிள்ளைதான் அந்தக் கேள்வி. நீலகிரிக்கு உதகை நிலையம் இருப்பதால் படுகர், தோடர் மொழிகளுக்காவது ஒரு வாசல் கிடைத்தது.

போனது போனதுதான் என்று சொல்ல வேண்டியது கவலைப் பாட்டு. கிணற்று மேட்டிலிருந்து எருதுகள் சரிவில் இறங்கி நீர் இறைக்க, வடத்தின் மேல் உட்கார்ந்து ஓட்டுகிறவன் பாடியது அது. பைக்காரா மின்சாரம் 1930களில் சமவெளிக்கு இறங்கியது. மோட்டாரும் பம்பும் செய்கிற ஊராகக் கோவை ஆனது. எருதுகளுக்கு விடுதலை, பாட்டுக்கு வேலை இல்லை. இதில் வருந்த எனக்குப் பாதி மனம்தான் உண்டு. கவலை ஓட்டிய முதுகு அறியும். பெரியசாமித் தூரன் இளமையிலேயே இப்படிப்பட்ட பாடல்களைத் திரட்டி ‘காற்றில் வந்த கவிதை’ என்று நூலாக்கியதால் சொற்களாவது தங்கின. மெட்டு தங்க வேண்டுமானால் ஒலிநாடா வேண்டும்.

இன்றைக்குக் கைப்பேசி வைத்திருக்கிற எவரும் கும்மியைப் படம் பிடித்து ஏற்றிவிடலாம், ஏற்றுகிறார்கள். ஆனால் மூன்று நிமிடத்துக்கு மேல் பெரும்பாலானோர் ஏற்றுவதில்லை. பல இரவுகள் நீளும் கதையை விளம்பர வருமானம் பார்க்காமல் முழுக்க எடுத்துவைக்கும் வலு பொது ஒலிபரப்புக்கு மட்டுமே உண்டு. கலைஞரைக் கூடத்துக்கு அழைப்பதற்குப் பதில் ஒலிப்பதிவு வண்டி மாரியம்மன் நோம்பிக்கும் கம்பத்தாட்டத்துக்கும் போகட்டும். குரல் தேர்வுக் குழுவில் ஒரு கும்மி வாத்தியாரும் ஓர் உடுக்கைக்காரரும் உட்காரட்டும். மாசி மாதம் வீரப்பூர்ப் படுகளத்தன்று ஓர் இரவு முழுவதையும் ஆகாசவாணி அண்ணன்மாருக்கு விட்டுக்கொடுக்கட்டும். நடுவில் செய்திக்கு மட்டும் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் போதும், அதற்குள் உடுக்கைக்காரர் ஒரு டீ குடித்துவிடுவார்.