சாக்கிய நாயனார் புராணமும் புறச்சமயத்தார் வீடுபேறும்

தம் சமயமே வீட்டுநெறி காட்டுவது எனக் கொண்ட எச்சமயத்தார்க்கும் விலக்கலாகாத வினா ஒன்று உண்டு. அந்நெறியை அறியாதாரும், அறிந்தும் ஏலாதாரும் என்னாவர் என்பதே அது. அவர்க்கு வீடு இல்லை என்றால் இறைவன் அருளுக்கு எல்லை கட்டியதாகும். உண்டு என்றால் அந்நெறி இன்றியமையாதது என்னும் கொள்கை தளரும். இவ்விடர்ப்பாட்டினைத் தமிழ்ச் சைவ இலக்கியம் எவ்வாறு எதிர்கொண்டது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சைவத்தின் பரந்த நோக்கிற்குச் சான்று காட்டப் புகுவார் பலரும் சாக்கிய நாயனார் வரலாற்றை எடுத்துக்காட்டுவது வழக்கம். பௌத்தத் துவராடையுடன் இருந்த ஒருவரை அறுபத்துமூவருள் வைத்துப் போற்றிய சமயம் புறச்சமயத்தாரையும் ஏற்கும் சமயமன்றோ என்பது அவர்தம் வாதம். இவ்வரலாறு அவ்வளவு பெரிய முடிவைத் தாங்குமா என்பதை நாம் நோக்குதல் வேண்டும். அதற்கு முன்னர்ச் சாத்திரம் யாது கூறுகின்றது என்பதைத் தெளிந்துகொள்வது நலம்.

1. சாத்திரம் தரும் விடை

சைவ சித்தாந்தம் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நால்வகையாகப் பகுக்கும். இவற்றுள் உலகாயதமும், பௌத்தத்தின் நால்வகைப் பிரிவுகளும், ஆருகதமும் புறப்புறச் சமயங்கள் ஆறாக எண்ணப்படும். எனவே பௌத்தம் சித்தாந்தத்திற்கு மிகச் சேய்மைக்கண் உள்ள வட்டத்தைச் சார்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் தன் பரபக்கத்தில் பதினான்கு கொள்கையினரை எடுத்து மறுக்கும்; பௌத்தர் நால்வரும் அவருள் அடங்குவர்.

ஆயினும் அந்நூலின் சுபக்கம் மறுப்போடு அமையவில்லை. அதன் இரண்டாம் சூத்திரப் பகுதியில் ஆசிரியர், மக்கள் எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாக வந்து அருள்பவன் அம்மையொரு பாகனாகிய சிவனே என்கின்றார். அதற்குக் காரணமும் காட்டுகின்றார். பிற தெய்வங்கள் பிறந்தும் இறந்தும் துன்புற்றும் வினைக்கு உட்பட்டும் நிற்பன. ஆதலின் வழிபாட்டை அறிந்து பயன் தருவது அவற்றிற்கு இயலாது என்பது அக்காரணம். எட்டாம் சூத்திரப் பகுதியிலோ, உயிர் புறச்சமயத்தில் நின்று, அகச்சமயம் புகுந்து, மிருதி வழியும் ஆச்சிரம அறமும் தவமும் கலையும் வேதமும் புராணமும் வேதாந்தமும் கடந்து, சைவத்தை அடைந்து, சரியை கிரியை யோகங்களின் பின் ஞானத்தால் இறைவன் திருவடி சேரும் படிமுறை விரித்துரைக்கப்படுகின்றது.

இவ்விடையின் பெருமையும் எல்லையும் ஒருங்கே நோக்கத்தக்கன. புறச்சமயத்தான் வழிபாடு வீணாவதில்லை. அவனுக்கு மீளா நரகமும் இல்லை. பிறவிகள் தொடர்தலின் காலம் அவனுக்கு எப்போதும் உண்டு. இது பெருமை. ஆனால் அவன் தன் சமயத்தால் உய்வதாகச் சாத்திரம் கூறவில்லை. தன் சமயத்தைக் கடந்தே அவன் உய்கின்றான். மேலும், தன் வழிபாட்டைப் பற்றி அவன் கொண்டுள்ள கருத்து பொய்யாகின்றது. தான் தொழுதது யாரை என்பதை அவனினும் சைவனே நன்கறிவான் என்றாகின்றது. ஏறத்தாழ இத்தகைய விடையைப் பகவத்கீதையும் கண்ணனை முதல்வனாக வைத்துக் கூறுதல் அறிஞர் அறிந்ததே. பயனை வழங்கி உரிமையை மறுப்பது இவ்வகை விடைகளின் பொதுவியல்பு. இதனைச் சமயச் சமநிலை என்பது சொற்பொருள் அறியாதார் கூற்றாம்.

2. புராணம் தரும் விடை

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் தொகுத்தும், நம்பியாண்டார் நம்பி திருவந்தாதியில் வகுத்தும் கூறிய தொண்டர் வரலாறுகளைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் விரித்தார். அவர் கூறும் சாக்கியர் சங்கமங்கையில் வேளாளர் குடியிற் பிறந்தவர். பிறவி நீக்கம் விழைந்து காஞ்சி சென்று சாக்கியநெறி பயின்றவர். அந்நெறி மெய்ப்பொருளன்று எனத் தெளிந்து, வினை, அதனைச் செய்வான், அதன் பயன், அதனைக் கூட்டுவான் என்னும் நான்கும் சைவத்திலேயே முறைப்பட அமைந்தன எனத் திருவருளால் உணர்ந்தார். உணர்ந்தும் துவராடையைக் களையவில்லை. வெளியிடத்தில் ஒரு சிவலிங்கத்தைக் கண்டு, பெருகிய உவகையால் செய்வதறியாது அருகிருந்த கல்லொன்றை எடுத்து எறிந்தார். மறுநாள் அச்செயலும் அருளால் நிகழ்ந்ததே எனக் கருதி, அதனையே நாள்தோறும் செய்யும் நியமமாகக் கொண்டார். ஒருநாள் உண்ணத் தொடங்குங்கால் எறிய மறந்தமை நினைவுற்றுப் பசியோடு விரைந்து ஓடினார், எறிந்தார், இறைவன் விடைமேல் எழுந்தருளித் தன் உலகில் அவருக்கு இடம் அளித்தான்.

இவ்வரலாற்றைப் பரந்த நோக்கிற்குச் சான்றாக்குவார் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சாக்கியர் கல்லெறியும் முன்னரே சாக்கியநெறியைக் கைவிட்டவர். அவர் உடையாற் பௌத்தர், உளத்தாற் சைவர். எனவே பௌத்தராகவே வாழ்ந்த ஒருவர் பௌத்தராகவே வீடுபெற்றார் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகாது. இதனை ஒப்புக்கொள்வதே நேர்மையான திறனாய்வு.

இனி, இதற்கு மறுதலையாக, மறைந்து வாழ்ந்த சைவர் ஒருவர் கதையே இது, வேறொன்றும் இதில் இல்லை என்பாரும் உளர். பௌத்தர்க்கு ஐயம் எழாதிருக்கவே அவர் பூவுக்குப் பதிலாகக் கல்லை எறிந்தார் என்னும் விளக்கம் இக்கருத்தினின்றே பிறந்தது. இதுவும் பொருந்தாது. சேக்கிழார் கல்லெறிதற்குக் காரணமாகக் கூறியது அடங்காத உவகையே. சூழ்ச்சியும் அச்சமும் அல்ல. துவராடை களையாமைக்கும் அவர் ஒரு கொள்கையையே காரணமாக்குகின்றார். எந்நிலையில் நின்றாலும், எக்கோலம் கொண்டாலும், திருவடி மறவாமையே பொருள் என்று நாயனார் துணிந்தார் என்பது அவர் காட்டும் காரணம். அச்சத்தால் உடையை வைத்துக்கொள்வது வேறு. உடை பொருட்டன்று எனத் தெளிந்து வைத்துக்கொள்வது வேறு.

அடுத்து, கல்லெறிந்த செயலைச் சேக்கிழார் எவ்வாறு அமைதிப்படுத்துகின்றார் என்பது கருதத்தக்கது. அவர் இரு சான்றுகளைத் தருகின்றார். இளங்குழந்தை முரட்டுத்தனமாக எது செய்யினும் பெற்றோர் அதனால் மகிழ்வதே இயல்பு என்பது ஒன்று. வேடராகிய கண்ணப்பரின் செருப்படியும் இறைவன் திருமுடியில் ஏறியதன்றோ என்பது மற்றொன்று. இவ்விரண்டின் முடிவாக, அன்பில்லார் அதனைக் கல் என்பர், அரனுக்கோ அது மலர் என்கின்றார். ஆகமம் விதித்த பூவும் நீரும் மந்திரமும் இங்கு இல்லை. கண்டோர்க்குப் பகைவன் செயலாகத் தோன்றுவது ஈண்டுப் பூசனையாகின்றது.

இதனால் உடை, சடங்கு, பயின்ற பள்ளி என்னும் புறச்சின்னம் மூன்றும் விலக, மறவாமை ஒன்றே எஞ்சுகின்றது. மறவாமையோ கண்ணுக்குப் புலனாவதன்று. ஆகவே, புறச்சமயத்தார்க்கு வீடு உண்டு என்று சேக்கிழார் கூறவில்லை. புறத்தார் யார் என்று துணிய, அருகிருந்து காண்பார்க்குக் கருவி இல்லை என்று காட்டுகின்றார். சாத்திரம் சமயங்களை வட்டங்களாக வகுக்க, புராணம் அவ்வட்டங்களுள் ஒருவனை நிறுத்தும் உரிமையைக் காண்பார் கையினின்றும் வாங்கி இறைவன் கையில் வைக்கின்றது. இதுவே எம் துணிபு.

3. தாந்தேயுடன் ஓர் ஒப்புமை

இவ்வினாவோடு போராடிய மற்றொரு பெருங்கவிஞர் இத்தாலி நாட்டுத் தாந்தே (1265–1321). நம் உமாபதி சிவாசாரியார் சங்கற்ப நிராகரணம் இயற்றிய 1313ஆம் ஆண்டில் வாழ்ந்தவர் அவர். அவருடைய 'டிவைன் காமெடி'யின் துறக்கப் பகுதி, பத்தொன்பதாம் காண்டத்தில், சிந்து நதிக்கரையில் பிறந்த ஒருவனைப் பற்றிய வினா எழுப்பப்படுகின்றது. கிறித்துவைப் பற்றி அவனுக்குச் சொல்வார் இல்லை. அவன் சொல்லிலும் செயலிலும் குற்றமில்லை. திருமுழுக்கின்றி அவன் இறப்பின் அவனைத் தண்டிக்கும் நீதி யாது என்பதே அவ்வினா. அதற்குக் கழுகு வடிவில் திரண்ட நீதிமான்களின் கூட்டம் தரும் விடை, மனிதன் நீதிபதியாக அமர்தல் தகாது என்பது. கிறித்துவின் பெயரை ஓயாது கூவுவோர் பலர், அவரை அறியாத ஒருவனினும் தீர்ப்பு நாளில் அவருக்குச் சேய்மையராவர் என்றும் அது கூறும்.

அடுத்த காண்டத்தில், கிறித்துவுக்கு முற்பட்ட திராய் நகரத்து வீரன் ரிபியஸ் துறக்கத்தில் காணப்படுகின்றான். அவன் எவ்வாறு அங்கு வந்தான் என்று கவிஞர் வியக்க, வரவிருந்த மீட்பரை நம்பும் அருள் அவனுக்கு முன்னரே வழங்கப்பட்டது என விளக்கம் தரப்படுகின்றது. சடங்கு இல்லாத இடத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்னும் மூன்றும் அவனுக்குத் திருமுழுக்காக நின்றன. சாக்கியர்க்குக் கல் மலரானது போன்றது இது. இரு கவிஞரும் புறத்தான் ஒருவனை உள்ளத்தால் அகத்தானாக்கியே உய்விக்கின்றனர். இருவரும் முடிவில் காண்பாரின் தீர்ப்பையே விலக்குகின்றனர். இறைவனை நேரிற் காணும் தாமும் தேர்ந்தெடுக்கப்பட்டார் அனைவரையும் இன்னும் அறியோம், ஆதலின் மாந்தர் தீர்ப்பளிக்கத் தயங்குக என்று அக்கழுகு கூறுதல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

வேற்றுமையும் உண்டு. தாந்தேயின் வழிகாட்டியும் ஆசானுமாகிய வர்ஜில் நரகின் முதல் வட்டத்திலேயே தங்குகின்றார். அவருக்கு வதை இல்லை. நம்பிக்கையற்ற வேட்கை மட்டும் உண்டு. மறுபிறவி இல்லாத சமயத்தில் தவறிய வாய்ப்பு மீள்வதில்லை. சைவத்தில் வர்ஜிலுக்கு மற்றொரு பிறவி கிடைத்திருக்கும். இவ்வேற்றுமையால் தாந்தேயின் காவியத்தில் உள்ள துயரம் பெரியபுராணத்தில் இல்லை. அதனாலேயே வினாவின் கூர்மையும் ஓரளவு மழுங்குகின்றது எனல் தகும்.

4. ஒரு தடை

எம் துணிபுக்கு வலிய தடையொன்று பெரியபுராணத்துள்ளேயே உள்ளது. திருஞானசம்பந்தர் புராணத்தில் மதுரையில் வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேற்றப்பட்டதாகச் சேக்கிழார் பாடுகின்றார். அது நிகழ்ந்ததா என்பது வரலாற்றாசிரியர் வழக்கு. காப்பியத்துள் அது எவ்வாறு நிற்கின்றது என்பதே நம் வினா. தோற்றால் கழுவேறுவோம் எனச் சமணரே ஒட்டியதாகவும், சம்பந்தர் அவர்பால் பகைமை இலராயினும், சைவர் தங்கிய மடத்துக்கு அவர் தீங்கிழைத்தமையால் வேந்தன் செயலை விலக்காதிருந்ததாகவும் சேக்கிழார் அமைதி கூறுகின்றார். கொள்கைக்காக அன்றிச் செய்த தீங்குக்காகவே தண்டம் என்பது அவர் காட்டும் நியாயம்.

அந்நியாயம் நிறைவுடையதன்று. எண்ணாயிரவரும் தீயிட்டிரார். சாக்கியர் புராணத்தின் அளவுகோலை இங்கே வைப்பின், அத்தனை கோலத்தாருள் திருவடி மறவாதார் ஒருவரேனும் இலரோ என வினவ வேண்டும். காப்பியம் அதனை வினவவில்லை. தருமசேனராய் இருந்து மீண்ட நாவுக்கரசரும், சமணம் விட்டு வந்த நின்றசீர் நெடுமாறரும் நாயன்மார் ஆயினர். கோலம் மாறாமலே நாயனாரானவர் சாக்கியர் ஒருவரே. கூட்டமாக நிற்பாரைக் கோலத்தால் அளப்பதும், தனியராக நிற்பாரை உள்ளத்தால் அளப்பதும் ஒரே நூலில் அருகருகே நிற்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது ஆராய்ச்சியாகாது. சைவத்தைப் போற்றுவார் கழுவேற்றத்தை மறைத்தலும், தூற்றுவார் சாக்கியரை மறைத்தலும் ஒரே குற்றத்தின் இரு கூறுகள்.

ஆயினும் இரண்டனுள் எது எதனைத் திருத்தும் ஆற்றலுடையது என வினவலாம். கழுவேற்றக் கதைக்கு அதனிடத்துக்கே உரிய நியாயம் ஒன்று தேவைப்பட்டது. மடத்துக்கு நேர்ந்த தீங்கின்றி அது நில்லாது. சாக்கியர் வரலாற்றில் சேக்கிழார் கூறுவதோ பொதுவிதி. அவ்விதி கூறப்பட்ட பின்னர், கோலம் கண்டு உயிரின் கதி துணிவார் எச்சமயத்தாராயினும் அவர்க்கு அது தடையாகவே நிற்கும். அத்தடையைச் சைவர்க்கே முதற்கண் இட்டவர் சைவக் கவிஞரே என்பது நினைக்கத்தக்கது.

சாக்கியர் தம் வாழ்வில் தவற நேர்ந்த நாள் ஒன்றே. அது கல்லெறிய மறந்த நாள். துவராடையைப் பற்றி அவர் வருந்தியதாகச் சேக்கிழார் யாண்டும் கூறவில்லை. உண்கலத்தின்முன் அமர்ந்து மறந்தமைக்கே அவர் பதறி எழுந்து ஓடினார். இறைவன் எழுந்தருளியதும் அன்றே. அவ்வுடையைக் களைக என்று அவன் அப்போதும் கூறியதாகப் புராணத்தில் இல்லை.