எழுத்தும் எழுதுதலும்

மிளகு வாங்கச் சோளக்காட்டுச் சந்தைக்குச் செல்லும் அன்பர் ஒருவருடன் அண்மையில் கொல்லிமலைக்குச் சென்றிருந்தோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறிய களைப்புத் தீருமுன்னர், அவருக்குப் பழக்கமான ஓர் ஆசிரியரின் தொடக்கப் பள்ளியில் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரை நோட்டுகள் மேசைமீது அடுக்கப்பட்டிருந்தன. எடுத்துப் படித்தோம்.

‘எங்கள் ஊர் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. ஊரைச் சுற்றிலும் நெல்வயல்கள் உள்ளன. ஊரின் நடுவே அஞ்சலகமும் வங்கியும் உள்ளன. மக்கள் ஒற்றுமையாக வாழ்கின்றனர்.’

பிழையே இல்லை. கையெழுத்தும் முத்து முத்தாக இருந்தது. அடுத்த நோட்டைப் புரட்டினால் அதிலும் இதே நான்கு வரிகள், அதற்கடுத்ததிலும் அவையே. சன்னல் வழியே வெளியே நோக்கினோம். மலைச்சரிவில் பத்திருபது வீடுகள், பலாமரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள், அப்பால் குச்சிக்கிழங்குத் தோட்டம். ஆறும் இல்லை, அஞ்சலகமும் இல்லை, வங்கியும் இல்லை. கரும்பலகையில் எழுதிப் போட்டதை அத்தனை பிள்ளைகளும் பார்த்து எழுதியிருக்கின்றனர். தம் ஊரைப் பற்றித் தாமே எழுதிய பொய் அது என்பதை அவர்கள் அறியார். பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைத்திருக்கிறது!

ஆசிரியரை நாம் குறை சொல்லவில்லை. ஐந்து வகுப்புகளை இருவராகக் கட்டி மேய்க்கும் பள்ளி அது. நம் குறை வேறு. தமிழில் ‘எழுத்து’ என்றால் அகரமும் எழுத்துதான், ஒருவர் எழுதிய நூலும் எழுத்துதான். ஒரே சொல் இரண்டையும் குறிப்பதனாலோ என்னவோ, முதலாவதைக் கற்பித்துவிட்டால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று பள்ளிகளும் பெற்றோரும் நம்பிவிட்டனர். கையெழுத்துப் பயிற்சி உண்டு, சொல்வதெழுதுதல் உண்டு, கோடிட்ட இடம் நிரப்புதல் உண்டு. ‘நீ கண்டதைச் சொல், அதையே எழுது’ என்பதற்கு மட்டும் பாடவேளை இல்லை.

தமிழகத்தில் முயற்சியே நடைபெறவில்லை என்று கூறுவது நன்றி மறந்த பேச்சாகும். 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007ஆம் ஆண்டில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில், வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை தீட்டப்பட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ‘இது என் இடம்’ என்று ஒரு கட்டம்! தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, அவர்கள் வரைந்தவற்றையும் எழுதியவற்றையும் அதில் தொங்கவிட்டனர். அந்த ஏற்பாட்டில் நாம் பெரிதும் மதிப்பது இவ்விரண்டையுமே. பிள்ளை எழுதியதற்கு ஓர் இடமும், அதை அண்ணாந்து படிக்கச் சில கண்களும் வேண்டும் என்பதை அவை ஒப்புக்கொண்டன. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின் 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், எட்டு வயதுக்குள் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் செய்வதை இலக்காகக் கொண்டது. தேவையான இலக்குதான். ஆயினும் அது வாசற்படி. வாசற்படியையே வீடென்று எண்ணிவிடலாகாது.

மீண்டும் அந்தப் பள்ளிக்கு வருவோம். ஆசிரியரின் அனுமதியோடு, வீட்டில் நேற்று என்ன நடந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டோம். முதலில் மௌனம். பிறகு ஒரு சிறுமி, தன் பாட்டி உரலில் சாமை குத்தியதைச் சொல்லத் தொடங்கினாள். குத்துவது, முறத்தில் புடைப்பது, உமி போகாததால் மறுபடியும் குத்துவது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். சொன்னதையே எழுதித் தரும்படி கேட்டோம். நெடுநேரம் பென்சிலைக் கடித்தபின் எழுதியவற்றில் இரண்டு வரிகள் இவை:

‘பாட்டி சாமை குத்தயில நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். பதில் சொன்னா அதுக்கு மூச்சு வாங்கும்.’

நம் இதழ்களில் வெளிவரும் சிறுகதைகள் பலவற்றில் இத்தகைய ஒரு வரியைத் தேடி நாம் ஏமாந்ததுண்டு. முதுமை, உழைப்பு, பேத்தியின் பரிவு ஆகியவற்றில் ஒன்றின் பெயரையும் சொல்லாமல் மூன்றையும் அந்தச் சிறுமி எழுதிவிட்டாள்.

ஆசிரியரின் சிவப்பு மை விரைந்து வந்தது. ‘குத்தயில’ என்பது ‘குத்தும்போது’ ஆயிற்று. ‘அதுக்கு’ என்பது ‘அவருக்கு’ ஆயிற்று. இரண்டாம் வாக்கியம் முழுவதும் அடிக்கப்பட்டு, அவ்விடத்தில் ‘சாமை உடலுக்கு நல்லது’ என்று எழுதப்பட்டது.

முதல் இரு திருத்தங்களோடு நமக்குச் சண்டை இல்லை. பேச்சுத் தமிழ் ஒன்று, ஏட்டுத் தமிழ் ஒன்று என வாழும் மொழி நம்முடையது. மலைப்பிள்ளைக்கும் ஏட்டுத் தமிழ் உரியதே. அதை மறுப்பது அப்பிள்ளைகளுக்கு இழைக்கும் தீங்கு. ஆனால் அந்தத் திருத்தத்தை அன்றே, அக்கணமே செய்ய வேண்டுமா? பாட்டியை ‘அது’ என்பது அவ்வீட்டின் செல்லம். அதைச் சிறுமியோடு பேசி, அவளையே மாற்றி எழுதச் செய்திருக்கலாம். மூன்றாம் திருத்தமோ திருத்தமே அன்று. கண்டதை அடித்துவிட்டுக் காணாததை எழுதக் கற்பிப்பது அது. ‘எங்கள் ஊர்’ கட்டுரையில் ஆறு ஓடியதும் அவ்வாறே.

கொல்லிமலை போன்றே ஒரு மலைமேல், இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகருக்கு அப்பால், பார்பியானா என்றொரு சிற்றூர். அங்கே லொரேன்சோ மிலானி என்னும் பாதிரியார் நடத்திய பள்ளியின் மாணவர் எண்மர், மலைப்பிள்ளைகளைத் தேர்வில் தோற்கடித்து வெளியேற்றும் ஆசிரியை ஒருவருக்கு எழுதிய கடிதம் 1967இல் நூலாக வந்தது. அவர்கள் எழுதிய முறை கவனிக்கத் தக்கது. தோன்றிய எண்ணங்களைத் தனித்தனித் தாளில் குறிப்பார்கள். எல்லாருடைய தாள்களையும் மேசைமேல் பரப்பி, ஒத்தவற்றைச் சேர்ப்பார்கள். மிகையான சொல்லை வெட்டுவார்கள். முடிவில் வெளியார் சிலரிடம், அதுவும் பெரும்படிப்புப் படிக்காதவரிடம், கொடுத்துப் படிக்கச் செய்து, தாம் சொல்ல எண்ணியது அவர்களுக்கு விளங்கிற்றா என்று பார்ப்பார்கள். விளங்காத இடம் எழுதியவரின் பிழை என்பது அங்கே வழக்கம்.

இதற்கு இத்தாலிக்குப் போவானேன்? பள்ளிக்கூடம் காணாத நம் பாட்டிமார், பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த கணவன்மாருக்கு அறபுத் தமிழில் கடிதம் எழுதவில்லையா? ஓதப் பழகிய எழுத்தைக் கொண்டே, மாடு ஈன்றதையும் பிள்ளைக்குப் பல் முளைத்ததையும் எழுதினார்கள். அவர்களுக்கு எவரும் கட்டுரை இலக்கணம் போதிக்கவில்லை. கடலுக்கு அப்பால் படிப்பதற்கு ஒருவர் இருந்தார், அவ்வளவே. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று மெட்ரிக் பள்ளியில் ‘விடுப்பு விண்ணப்பம்’ மனப்பாடம் செய்கின்றனர். மதிப்பெண் அட்டையைத் தவறாது கேட்கும் வாப்பா, ‘நீ எழுதியதைக் கொஞ்சம் படித்துக் காட்டு’ என்று ஒரு நாளேனும் கேட்டதுண்டா?

புறப்படும்போது, தான் எழுதியதை நாம் என்ன செய்யப் போகிறோம் என்று அச்சிறுமி கேட்டாள். வீட்டில் படித்துக் காட்டுவோம் என்றோம். அடிக்கப்பட்ட வாக்கியத்தையும் சேர்த்தே படித்தோம். கேட்டுக்கொண்டிருந்த நம் வீட்டு மூத்தம்மா, “இந்தக் காலத்திலும் உரலிலேயா குத்துகிறார்கள்? மெஷின் இல்லையா?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் பள்ளியின் முகவரிக்கு அனுப்பினோம்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. எழுத்துப் பிழை நான்கு இருந்தன. சிவப்பு மை இல்லை. மெஷின் அடுத்த ஊரில் இருக்கிறதாம். மேட்டில் ஏறிப் போக வேண்டுமாம். பாட்டியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாதாம். பள்ளி விடுமுறை நாளில் தானே மூட்டையைத் தூக்கிப் போகலாமென்று இருக்கிறாளாம். கடைசியில், மூத்தம்மாவின் ஊரில் சாமை உண்டா என்று கேட்டிருக்கிறாள்.