இரண்டாம் பார்வை எங்கே விழ வேண்டும்?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14-வது, கடைசி ஆட்டம். டிங் லிரனும் குகேஷும் ஆளுக்கு 6.5 புள்ளி. டிங்குக்கு ஒரு சிப்பாய் குறைவு என்றாலும், யாரைக் கேட்டாலும் டிரா என்றுதான் சொல்லியிருப்பார்கள். 55-வது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். யானையை வெட்டிக்கொள்ளலாம், வா என்று அழைக்கும் நகர்வு அது.

அது பிழை என்பது முதல் பார்வையில் குகேஷுக்கும் தெரியவில்லை. தன் யானையை வேறு கட்டத்துக்கு நகர்த்தவே இருந்ததாக ஆட்டம் முடிந்தபின் அவரே சொன்னார். பிறகு மறுபடி பார்த்தார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. யானைகளை வெட்டிக்கொண்டு தன் பிஷப்பை டி5-ல் நிறுத்தினால் டிங்கின் பிஷப்புக்குத் தப்ப வழியில்லை. அந்த ஜோடியும் பலகையை விட்டுப் போய்விட்டால் மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அங்கே கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷுக்கு வெற்றி. 58-வது நகர்வோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்; மிக இளைய சாம்பியன் என்று 1985-ல் காஸ்பரோவ் 22 வயதில் வைத்த சாதனை உடைந்தது.

‘டிங் செய்த பிழை’ என்றுதான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது குகேஷின் அந்த இரண்டாவது பார்வை. கதை எழுதுகிறவரோ மெட்டு போடுகிறவரோ, படைப்பு வேலையில் இருக்கும் யாருக்கும் மறுபடி பார்ப்பதுதான் பயம். ‘இது சரிதானா’ என்று ஆரம்பித்தால் கை ஓடாது. ஆனால் அந்த மறுபார்வை மட்டும் இல்லாதிருந்தால் அன்று பட்டம் கைக்கு வந்திருக்காது.

மறுபடி பார்க்காததால் கைவிட்டுப் போன வாய்ப்பு ஒன்றும் நம் நினைவில் இருக்கிறது. 2014 நவம்பர், சோச்சி, உலக சாம்பியன்ஷிப்பில் ஆனந்த் – கார்ல்சன் ஆறாவது ஆட்டம். 26-வது நகர்வில் கார்ல்சன் ராஜாவை டி2-க்கு நகர்த்தினார். பெரும் பிழை. குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டியிருந்தால் ஆனந்துக்கு இரண்டு சிப்பாய் லாபம், ஆட்டமும் அவர் பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் அவர் முன்பே மனதில் வைத்திருந்த திட்டப்படி ஓரச் சிப்பாயை ஏ4-க்குத் தள்ளினார். எதிராளி இப்படி ஒரு பரிசைத் தருவார் என்று எதிர்பார்க்காததால் அது கண்ணில் படவில்லை என்ற பொருளில் பின்னர் பேசினார். தொடர் அப்போது சமநிலையில் இருந்தது. அந்த ஆட்டத்தையும், பிறகு தொடரையும் கார்ல்சன் வென்றார்.

இரண்டு பேரும் சந்தேகப்பட வேண்டிய இடம் பலகைதான். குகேஷ் அங்கே பார்த்தார். ஆனந்த் அந்த ஒரு நிமிடம் தன் திட்டத்தைப் பார்த்தார். மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. ‘நான் இதற்கு லாயக்கா?’ என்று தன்னையே பார்ப்பது. கெடுதல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அலெக்சாண்டர் கோட்டோவ் என்ற சோவியத் கிராண்ட்மாஸ்டர் தன் புத்தகம் ஒன்றில் இதை அக்கக்காகப் பிரித்து எழுதியிருக்கிறார். ஆட்டக்காரர் ஒரு நகர்வை யோசிக்கிறார், பிடிக்கவில்லை. இன்னொன்றுக்குப் போகிறார், அதுவும் பிடிக்கவில்லை. மறுபடி முதலாவது, மறுபடி இரண்டாவது. கடிகாரத்தைப் பார்த்தால் அரைமணி போயிருக்கிறது. பதறிப்போய், கொஞ்சமும் யோசிக்காத மூன்றாவது ஒன்றை ஆடிவிடுகிறார். செஸ் உலகம் இதற்குக் ‘கோட்டோவ் நோய்’ என்றே பெயர் வைத்துவிட்டது. எழுதியதை அழித்து அழித்து எழுதி, கடைசி மணியில் சம்பந்தமில்லாத ஒன்றை அனுப்பிவைத்தவர்களுக்கு இது புரியும்.

ஆடத்தக்க நகர்வுகளை முதலில் பட்டியலிடு, ஒவ்வொரு கிளையையும் ஒரே ஒரு முறை பார் என்பது கோட்டோவ் சொன்ன மருந்து. மனித மூளை அப்படி வேலை செய்யாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். மறுப்பு நியாயமானதே. புதிதாக ஏதாவது கண்டுபிடித்திருந்தால் திரும்பிப் போகலாம். கையில் ஒன்றுமில்லாமல் பயத்தோடு மட்டும் திரும்பிப் போகக் கூடாது.

அதே புத்தகத்தில் புளூமென்ஃபெல்ட் விதி என்று ஒன்று வருகிறது. நகர்வை முடிவு செய்ததும் ஸ்கோர் ஷீட்டில் எழுது. பிறகு ஆட்டம் தெரியாத புதியவன் கண்ணால் ஒரு நிமிடம் பலகையைப் பார். அப்புறம் காயைத் தொடு. இப்போது சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, ஆடுவதற்கு முன் நகர்வை எழுதக் கூடாது. ஆகவே அந்த ஒரு நிமிடத்தை மனதுக்குள்தான் ஒதுக்க வேண்டும். ஒரே ஒரு நிமிடம், அதுவும் பலகைக்கு மட்டும்.

டிங்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடக் கூடாது. 2023-ல் அஸ்தானாவில் உலகப் பட்டத்துக்காக நெபோம்னியாச்சியுடன் ஆடிய கடைசி ரேபிட் ஆட்டத்தில், டிராவுக்கு வழி இருந்தும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, யானையை ஜி6-ல் குறுக்கே நிறுத்தி வெற்றிக்கு ஆடியவர் அவர். அதற்குப் பின் மன அழுத்தமும் தூக்கமின்மையும் அவரை வாட்டின. அதை மறைக்காமல் சொன்னவரும் அவரே. சிங்கப்பூரில் ஆறாவது ஆட்டத்தில் நிலை சற்று நன்றாக இருந்தும் காய்களைத் திரும்பத் திரும்ப நகர்த்தி டிரா தேடினார். அதை மறுத்தவர் குகேஷ். ஆனால் 11-வது ஆட்டத்தில் தோற்ற மறுநாளே, 12-வதை டிங் அற்புதமாக ஆடி வென்றார். திறமை எங்கும் போய்விடவில்லை. அவருடைய துன்பத்துக்கு ஆட்ட உத்தி மருந்தாகாது; ஓய்வும் சிகிச்சையும் வேண்டும். அவரைக் கோழை என்று எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு.

குகேஷுக்கும் சந்தேகம் வர நல்ல காரணம் இருந்தது. 2024 ஏப்ரல், உலகப் பட்டத்துக்கு மோதுபவரைத் தேர்வு செய்யும் டொராண்டோ கேண்டிடேட்ஸ் தொடரின் ஏழாவது சுற்றில், நேர நெருக்கடியில் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்றார். மறுநாள் ஓய்வு நாள். அந்தத் தோல்விக்குப் பிறகு தான் மிக நன்றாக உணர்ந்ததாகப் பின்னர் சொன்னார். எட்டாவது சுற்றில் கறுப்புக் காய்களோடு இந்திய வீரர் விதித்தை வென்றார். 14 ஆட்டங்களில் 9 புள்ளியோடு தொடரையும் வென்றார்.

தமிழ்நாட்டில் வாரந்தோறும் செஸ் போட்டிக் கூடங்களின் வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோற்று வெளியே வரும் பிள்ளையின் முன்னால் உடனே போனில் ஆட்டத்தை அலசும் செஸ் எஞ்சினைத் திறக்காதீர்கள். அது ஒவ்வொரு நகர்வுக்கும் தப்பு, தப்பு என்று எண்ணைக் காட்டும்; அடுத்த ஆட்டத்தில் பிள்ளை பலகையை விட்டுவிட்டுத் தன்னையே சந்தேகப்படும். முதலில் ஸ்கோர் ஷீட்டை வாங்கி, “இந்த இடத்தில் என்னடா கண்ணு யோசிச்சே?” என்று கேளுங்கள். முழுக்கச் சொல்லி முடிக்கட்டும். எஞ்சினை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.