கதையில் ஆடாத டொக்டர்

உயர்தர வகுப்பில் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு நாவல் வாசிக்க வைப்பது என் வழக்கம். பதுளை டவுன் பிள்ளைகளும், பசறை, ஸ்பிரிங்வெளிப் பக்கத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளும் கலந்த வகுப்பு அது. அந்தமுறை எடுத்துக்கொண்டது 'எரியும் பனிக்காடு'. பெரிய புத்தகம், பிள்ளைகள் மலைப்பார்கள் என்று நினைத்து, அதை அடிப்படையாகக் கொண்டு பாலா எடுத்த 'பரதேசி'யின் காட்சிகளை முதலில் போட்டுக் காட்டினேன். படம் பார்த்தால் புத்தகம் இலகுவாகும் என்பது என் கணக்கு.

கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தபோது கணக்குப் பிழைத்தது தெரிந்தது. நாவலில் வருபவர்கள் கருப்பனும் வள்ளியும். பாதிப் பேருக்கு மேல் 'ராசா' என்று எழுதியிருந்தார்கள். ராசா படத்தில்தான் இருக்கிறான். புத்தகத்தை ஒழுங்காக வாசித்த ஒரேயொரு தோட்டத்துப் பிள்ளை மட்டும் எழும்பிக் கேட்டது: "சேர், படத்துல டொக்டர் ஆடுறாரே, கதையில அவரு ஆடவே இல்லையே, ஏன் சேர்?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இலக்கிய வகுப்பில் சினிமாவுக்கு என்ன வேலை என்பதை அந்தக் கேள்வியிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

நாவலை எழுதிய பி.எச். டேனியல், வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராக வேலை செய்தவர். தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தவர். 1969இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய நூலை இரா. முருகவேள் தமிழாக்கினார். அதில் வரும் டொக்டர் ஆபிரகாம் கொள்ளை நோயோடும் தோட்ட நிர்வாகத்தோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டுகிற மனிதர். டேனியலின் சொந்த அனுபவம் அந்தப் பாத்திரத்துக்குள் இருக்கிறது. படத்தில் அந்த இடத்துக்கு வருபவர் பரிசுத்தம். நோயில் விழுந்து கிடக்கும் சனத்துக்கு நடுவே பாடியாடி மதம் பரப்புகிற கோமாளியாக அவரைக் காட்டுகிறார்கள்.

படத்தின் பலத்தை நான் மறுக்கவில்லை. கூலிக் கணக்கு முடிக்கும் நாளில் கங்காணி கழித்துக் கழித்துக் கடைசியில் கடனையே மிச்சமாக்கும் காட்சியில் என் வகுப்பு மூச்சுவிடவில்லை. தங்கள் பாட்டன் பூட்டன் கதையை முதன்முதலாகத் திரையில் பார்த்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் அதே படம், அந்தத் தொழிலாளர் பக்கம் நின்ற ஒருவரை, அவர் சிறுபான்மைச் சமயத்தவர் என்ற இடத்தில் பிடித்துப் பரிகாசம் செய்தது.

இங்கே நம்மவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 'பரதேசி' வந்தது 2013 மார்ச்சில். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் 'விஸ்வரூபம்' நம்மை எப்படிக் காட்டுகிறது என்று கொதித்தோம். தமிழ்நாட்டில் அந்தப் படம் தடைக்கே உள்ளானது. பரிசுத்தம் விஷயத்தில் நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? நானும் திறக்கவில்லை. நம்மைத் தொட்டால் மட்டும் சுடுகிற தோல் நீதியைத் தேடுகிற தோல் அல்ல. இதை எனக்கு உணர்த்தியது ஒரு தோட்டத்துப் பிள்ளையின் கேள்விதான்.

மறுவாரம் முறையை மாற்றினேன். முதலில் வாசிப்பு, பிறகு படம், அதுவும் கதையிலிருந்து விலகிய இடங்கள் மட்டும். யார் மாற்றினார், எதற்கு மாற்றினார், யாருக்கு நட்டம் என்று பிள்ளைகளே பேசினார்கள்.

அடுத்ததாக நம் மாவட்டத்துக்கே வந்தேன். தெளிவத்தை ஜோசப் 1934இல் பதுளை மாவட்டத்தில் பிறந்தவர். தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். வி.பி. கணேசன் 1975இல் தயாரித்த 'புதிய காற்று' என்ற மலையகப் படத்துக்கு வசனம் எழுதியவரும் அவர்தான். எழுத்து, சினிமா இரண்டும் தெரிந்த அவருடைய 'மீன்கள்' கதையை வாசிக்கக் கொடுத்து, "இதைப் படமாக எடுத்தால் முதல் காட்சி எப்படி?" என்று கேட்டேன்.

ஒரே லயக் காம்பராவுக்குள் வளர்ந்த பிள்ளைகளோடு முழுக் குடும்பமும் முடங்கிப் படுக்கிற கதை அது. இரவில் நேர்ந்துவிடும் ஒரு தவறு தகப்பனைக் கூனிக்குறுக வைக்கிறது. வகுப்பு வெகுநேரம் பேசாமல் இருந்தது. கடைசியில் ஒரு மாணவன் சொன்னான்: "படம் எடுக்க லைட் போடணுமே சேர். லைட் போட்டா அந்த மனுசன்ட மானம் போயிரும்."

நான் சொல்ல நினைத்ததை அவன் சொல்லிவிட்டான். அந்தக் கதையின் உயிர் இருட்டில் இருக்கிறது. எழுத்தாளர் அந்த இருட்டைக் கலைக்காமலே நமக்கு எல்லாவற்றையும் புரியவைக்கிறார். கமெராவுக்கு அந்த வெட்கம் கைகூடுவது கஷ்டம்.

இதற்கிடையில் ஒரு வாப்பா என்னைத் தேடி வந்தார். "புள்ளய படிக்கத்தானே அனுப்புறோம் சேர், நீங்க படம் காட்டுறீங்களாமே?" என்றார். நான் தர்க்கம் பண்ணவில்லை. மகளுடைய கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் ஆபிரகாம், எதிர்ப்பக்கத்தில் பரிசுத்தம். நடுவில் கோடு போட்டு இருவரையும் ஒப்பிட்டிருந்தாள். கீழே ஒரு வரி: "நமக்கும் இப்படிச் செய்வார்கள், நாமும் இப்படிச் செய்யக்கூடாது."

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். "அப்ப புத்தகத்தையும் வாசிக்கத்தான் வைக்கிறீங்க" என்றார்.

"புத்தகம்தான் முதல்ல" என்றேன்.