எருக்கம் பஞ்சு கலந்த கம்பளி நூல்

எங்கள் ஊரான வெள்ளாங்குளத்தில் மேயும் செம்மறிகளின் உடம்பில் இருப்பது மயிர்தான். நூற்கத் தகுந்த கம்பளி அல்ல. அதற்கு மெரினோ போன்ற ஆடுகள் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆடுகளோடு மெரினோவும் செவியட்டும் சவுத்டவுனும் கலந்து உருவான நீலகிரிச் செம்மறியின் உரோமமும் அருமையானது. எங்கள் வீட்டில் நூற்பதோ நோர்வேயில் இருக்கும் உறவினர் அனுப்பும் உரோமம். அதனோடு கலக்க நான் கண்ட மிகச் சிறந்த துணை, மன்னார் - பூநகரி வீதியோரம் தானாக வெடித்துப் பறக்கும் எருக்கம் பஞ்சு.

எருக்கம் இழை வழுவழுப்பானது, உள்ளே குழலாக இருப்பது. பட்டின் மினுக்கம் அதில் உண்டு. ஆனால் தனியே நூற்றால் பிடிமானமில்லாமல் நழுவிவிடும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு, இயல்பாகவே சுருளும் உண்டு. அவை எருக்கைப் பற்றிக்கொள்ளும். மூன்று பங்கு கம்பளிக்கு ஒரு பங்கு எருக்கு என்பது என் அளவு. காய்ந்து வெடித்த காயிலிருந்து மட்டுமே பஞ்செடுக்க வேண்டும். பச்சைக் காயின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளையை அதன் பக்கமே விடக் கூடாது.

சோளகக் காற்று அடிக்கும் நாளில் பஞ்சு பறக்காதிருக்க யன்னலைச் சாத்திவிட்டுத்தான் சீவ உட்காருவோம். கம்பிப் பற்கள் பதித்த இரண்டு பலகைகள். ஒன்றில் கம்பளியைப் பரப்பி, மேலே எருக்கைத் தூவி, மற்றதால் சீவுவாள் என் பேத்தி. "காணும் அம்மம்மா" என்று அவள் பலகையை வைக்கும்போது கலவையில் இன்னும் வெள்ளைக் கீற்றுகள் தெரியும். அந்த இடத்தில் நிறுத்துவதே சரி. பெரியவர்கள் நாங்களோ கலவை முழுதும் ஒரே நிறமாகும்வரை சீவுவோம், நூல் செத்துப்போகும். கீற்று நின்ற கலவையைப் பட்டையாகச் சுருட்டி நூற்றால் இழையில் ஓரிடம் மங்கும், அடுத்த இடம் ஒளிரும்.

1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தது கதர் நிதிக்காக. அந்தக் காலத்திலிருந்தே நமக்கு நூற்பு என்றால் பருத்தி. ஆனால் பிள்ளைக்குத் தொடங்கக் கம்பளியே நல்லது. பருத்தி இழை குட்டை. தக்ளி என்னும் கைக்கதிர் விரைந்து சுழலாவிட்டால் அறுந்துவிடும். கம்பளி இழை நீளம். கை தயங்கினாலும் பொறுத்துக்கொள்ளும்.

இடக்கை விரல்கள் பட்டையைப் பிடிக்க, வலக்கை இழையை மெல்ல இழுக்கும். முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்தைத் தேடி ஓடும், தடித்த இடம் தளர்ந்தே நிற்கும். இதனால் பிள்ளை நூற்ற இழை மேடும் பள்ளமுமாக வரும். அதைக் குறையென்று நான் நினைப்பதில்லை. தடித்த இடங்களில்தான் எருக்கின் மினுக்கம் தெளிவாகத் தெரியும்.

இரண்டு இழைகளை எதிர்த்திசையில் முறுக்கி இருபுரியாக்குவோம். நம் கயிறு திரிப்பவர்களின் வித்தையும் இதேதான். நூற்றபோது ஏறிய முறுக்கை எதிர்முறுக்கு தணிக்கிறது. முறுக்கிய நூலைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து உலர்த்தி, ஒரு நீளத்தை இரு முனையிலும் பிடித்துத் தொங்கவிட்டால் வளைவு தன்மேல் சுருண்டுகொள்ளாமல் திறந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் நூல் சமன்.

இந்த நூலில் காலுறை பின்னக் கூடாது. எருக்கம் இழை உராய்வு தாங்காது. கழுத்துத் துணிக்கு இதற்கு ஈடில்லை. அடுத்த பட்டைக்கு எருக்கைக் கூட்டவேண்டும் என்று பேத்தி சொல்கிறாள். நூல் வலுவிழக்கும் என்று நான் மறுக்கிறேன். அவள் விட்டபாடில்லை.