குடிகாரன் நோயாளி ஆவது எப்போது?

தமிழில் குடிகாரனுக்கு மூன்று வேஷங்கள்தான் தரப்பட்டிருக்கின்றன. ஒன்று கோமாளி. இரண்டு, பொண்டாட்டியைப் போட்டு அடிக்கிற முரடன். மூன்று, கடைசியில் ரோட்டோரம் கிடக்கிற பிணம். சினிமா, நாடகம், சிறுகதை, மேடைப் பேச்சு எதை எடுத்தாலும் இந்த மூன்றுக்குள்தான் அவன் சுத்திச் சுத்தி வருகிறான். நாலாவதாக ஒரு ஆள் உண்டு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு, கை நடுங்க வரிசையில் நிற்கிற நோயாளி. அந்த ஆள் நம் எழுத்தில் எங்கே? எம்.ஏ. தமிழ் படித்த காலத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். என் வாசிப்புக்கு எட்டியவரை அவன் அகப்படவில்லை.

எழுத்தில் அவனுக்கு இடம் இல்லாததற்கும் ஆஸ்பத்திரியில் அவனுக்குப் படுக்கை இல்லாததற்கும் சம்பந்தம் இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

1

யாருடைய குடி அழகாக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவோம். சரத்சந்திரரின் தேவதாஸ் 1917இல் நாவலாக வந்தது. 1953இல் தமிழில் படமானது. ஜமீன் வீட்டுப் பிள்ளை காதல் தோற்றுப்போய்க் குடித்துக் குடித்துச் சாகிறான். ஊரே அழுதது. இன்றைக்கும் தாடி விட்டவனைப் பார்த்து 'என்னப்பா தேவதாஸ்' என்று கேட்கிறோம். அவன் குடிக்குக் காரணம் என்னவென்று கதை கேட்டது. கேட்டதோடு நிற்காமல் அந்தக் காரணத்தை மதிக்கவும் செய்தது.

சேரிக்காரன் குடித்தால் கதை காரணம் கேட்பதில்லை. 'அவனுங்க அப்படித்தான்' என்பதே காரணம். ஜமீன் பிள்ளையின் குடி அவன் மனசிலிருந்து வருகிறது. நம்ம ஆளின் குடி அவன் பிறப்பிலிருந்து வருகிறது. குடியைக்கூட சாதி பார்த்துத்தான் இவர்களால் எழுத முடிகிறது.

இன்னொரு பக்கம் மதுவிலக்குப் பிரச்சாரம். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுக்க வந்தது. அடுத்த வருஷமே அண்ணா எழுதி என்.எஸ்.கிருஷ்ணன் நடித்த 'நல்லதம்பி' மதுவிலக்கை ஆதரித்து வெளிவந்தது. காங்கிரஸ்காரரும் திராவிட இயக்கத்தாரும் எத்தனையோ விஷயத்தில் மோதிக்கொண்டார்கள். குடிகாரனைப் பார்க்கிற பார்வையில் மட்டும் பெரிய சண்டை இல்லை. அவன் புத்தி கெட்டவன். புத்தி சொன்னால் திருந்துவான். சொல்லியும் திருந்தாவிட்டால் அது அவன் குற்றம். மேடையில் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குடியை நிறுத்திய மறுநாள் வருகிற வலிப்பு புத்தி சொன்னால் நிற்குமா?

2

மதுவிலக்கு பேசுகிற எல்லோரும் அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவைச் சொல்வார்கள். அந்தப் பிரிவை முழுசாக வாசித்தால் வேறு ஒன்றும் தெரியும். மக்களின் ஊட்டச்சத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்துவது, பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகள் என்று அது ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகுதான் மதுவிலக்கு வருகிறது. நம்ம ஊர் அரசியல் இதில் பின்பாதியை மட்டும் மேடையேற்றியது. அதையும் வசதிப்படி ஏற்றி இறக்கியது. 1971இல் கடைகளைத் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 2003இல் சில்லறைக் கடையையே அரசு எடுத்துக்கொண்டது. டாஸ்மாக் வழியாக 2023-24இல் கிடைத்த வருமானம் 45 ஆயிரம் கோடிக்கு மேல்.

2015இல் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் செத்துப்போனார். அதே வருஷம் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவனைத் தேசத்துரோக வழக்கில் கைது செய்தார்கள். அந்தப் போராட்டங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு கேள்வியை வைத்தே ஆக வேண்டும். நாளைக்குக் காலையில் எல்லாக் கடையையும் மூடிவிட்டால், பத்து வருஷமாகத் தினம் குடித்தவன் நாளை மறுநாள் என்ன ஆவான்? 'கடையை மூடு' என்ற முழக்கத்துக்குப் பக்கத்தில் 'வார்டைத் திற' என்று ஒரு முழக்கத்தை நாம் ஏன் எழுதிக்கொள்ளவில்லை?

3

இனி நம் பக்கம். தலித் எழுத்து வந்த பிறகுதான் சேரிக் குடியை உள்ளேயிருந்து பார்க்கிற கண் தமிழுக்குக் கிடைத்தது. பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன்களிடம் பெண்கள் படுகிற பாட்டை ஒளிக்காமல் சொன்னது. 'நம்ம அசிங்கத்தை நாமே வெளியே சொல்றதா' என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில். அடி வாங்கியவள் பேசினாள். அடித்தவனின் நடுங்குகிற கையைப் பற்றிப் பேச வேண்டிய பொறுப்பை அவள் தலையில் கட்ட முடியாது. அது அடுத்து வந்த நாம் செய்திருக்க வேண்டிய வேலை.

நாம் என்ன செய்தோம்? ஒரு பகுதியினர் கோட்பாட்டுக்குப் போனார்கள். பார்ப்பனியத் தூய்மைக்கு எதிரான கலகம், விளிம்புநிலைக் கொண்டாட்டம் என்று குடிக்குப் பேர் வைத்தார்கள். மாட்டுக்கறியையும் பறையையும் போலச் சாராயத்தையும் ஒரு அடையாளமாக்கினார்கள். தோழர்களே, மாட்டுக்கறி நம் ஈரலைத் தின்னாது. எழுதினவர் காலையில் பல் தேய்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அவர் எழுத்தில் கலகம் செய்கிறவனுக்கோ அரை கிளாஸ் உள்ளே போகாமல் பல்குச்சியைக்கூடப் பிடிக்க முடியாது.

இன்னொரு பகுதியினர் ஒழுக்கத்துக்குப் போனார்கள். அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் எடுக்க வைத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அதைச் சொல்லிச் சொல்லியே குடிக்கிறவனைக் கூட்டத்திலிருந்து தள்ளி வைத்தோம். உறுதிமொழி எடுக்க மனசு போதும். அதைக் காப்பாற்ற, குடிநோய் முற்றியவனுக்கு மருந்தும் வேணும்.

மூன்றாவதாக ஒரு நியாயம் உண்டு. சாக்கடைக்குள் இறங்குகிறவர்கள் 'குடிக்காம எறங்க முடியாதுக்கா, அந்த நாத்தத்துல மனுசன் நிக்க முடியாது' என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். உண்மை. அந்த வேலையை ஒழிக்க 2013இல் சட்டம் வந்தது, சாவு நிற்கவில்லை. 2023இல் உச்சநீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. குடிக்குக் காரணம் வேலையில் இருக்கிறது என்பதை நாம் விடாமல் எழுத வேண்டும். ஆனால் காரணத்தைச் சொன்னதோடு கதையை முடித்துவிட்டால் ஆளைக் கைவிட்டதாகத்தான் அர்த்தம். வேலை நெஞ்சைக் கெடுத்தால் நெஞ்சுக்கு வைத்தியம் கேட்கிறோம். அதே வேலை குடியில் தள்ளினால் அதற்கு ஏன் கேட்பதில்லை?

4

'அவனுக்கு விடணும்னு எண்ணமே இல்ல' என்பது பொதுப்புத்தி. எங்க தெருவுக்கு வந்து பாருங்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களில் பாதிப்பேர் ஒரு மண்டலமாவது குடிக்காமல் இருக்கத்தான் போடுகிறார்கள். கோயிலில் போய்க் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். ஜெபக் கூட்டத்தில் முழங்கால் போடுகிறார்கள். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளுவது சுலபம். நான் இதைச் சிகிச்சை தேடுகிறவர்களின் வரிசையாகப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டிய வரிசை சாமி வாசலில் நிற்கிறது.

பெண்களின் தேடல் வேறு வகை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யலாம்' என்று ஒட்டியிருக்கிற நோட்டீஸைப் பார்த்து, நூறு நாள் வேலைக் காசைக் கொடுத்துப் பொடி வாங்கிக் குழம்பில் கலக்கிறார்கள். அதில் டைசல்ஃபிரம் மாதிரி மருந்து இருந்து, அது தெரியாமல் அவன் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. பொடி விற்றவனை யாரும் கேட்பதில்லை.

திடீரென்று நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. தினமும் நிறையக் குடித்தவன் விட்டால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் காய்ச்சல், வியர்வை, நடுக்கம், உடம்பெல்லாம் பூச்சி ஊர்கிற மாதிரி, யாரோ கூப்பிடுகிற மாதிரி. டாக்டர்கள் இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்கிறார்கள். சும்மா விட்டால் சாகலாம். குளோர்டயாஜிபாக்சைடு, தயாமின் போன்ற விலை குறைந்த மருந்துகளை வைத்தே காப்பாற்ற முடியும். எங்க சனங்க இதைக் காத்து கருப்பு என்று நினைத்துப் பூசாரியிடம் கொண்டுபோகிறார்கள். மறுபடி ஒரு கட்டிங் ஊற்றினால் பேய் இறங்கிவிடுகிறது. அதனால் 'குடிய விட்டா செத்துடுவான், இருந்துட்டுப் போகட்டும்' என்று குடும்பமே முடிவு கட்டுகிறது. பலபேர் குடியை விடாததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

எங்க தெருவில் பெரியப்பா முறையாகிற ஒருவர், பேரூராட்சியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. அவராகவே 'என்னை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ பாப்பா' என்றார். கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். மனநல டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார் என்றார்கள். வியாழன் போனால், 'அட்மிட் பண்ணணும், கூட ஒரு ஆள் பத்து நாள் இருக்கணும்' என்றார்கள். பெரியம்மா களை வெட்டப் போனால்தான் அடுப்பு எரியும். பத்து நாள் வராவிட்டால் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார் மேஸ்திரி. தனியார் மையத்தில் விசாரித்தேன். ஒரு மாசத்துக்குக் கேட்ட பணம் அவருடைய இரண்டு மாசச் சம்பளம். விட வேண்டும் என்ற எண்ணம் பெரியப்பாவிடம் இருந்தது. விட வைக்க வேண்டியவர்களிடம் ஒன்றுமே இல்லை. இப்போது அவருக்கு மஞ்சள் காமாலை.

5

இது எங்க தெருக் கதை மட்டுமில்லை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019இல் வெளியானது. குடியால் உதவி தேவைப்படுகிற நிலையில் இருப்பவர்கள் 5.7 கோடிக்கு மேல். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். படுக்கையில் சேர்த்துச் சிகிச்சை கிடைத்தது 180 பேரில் ஒருவருக்கு. மிச்சம் 179 பேரையும் பற்றித்தான் நாம் ஜோக் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. 'விஷம்னு தெரிஞ்சும் ஏன் குடிச்சான்' என்று கேட்டார்கள். 'குடிச்சிச் செத்தவனுக்குப் பத்து லட்சமா' என்று கோர்ட்டுக்கே போனார்கள். அப்போது டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறந்தது. கூலிக்குப் போகிறவனின் உடம்பு விடியற்காலையில் நடுங்குகிறது. சாராயப் பாக்கெட் விடியலிலேயே கிடைத்தது, குவாட்டரைவிட மலிவாக. நோயின் கடிகாரம் தெரிந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. சாவுக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். 2025இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பேரில் 25 மையங்கள் வந்தன. வரவேற்கிறேன். ஆனால் 2023இல் 500 கடைகளை மூடிய பிறகும் இருந்த டாஸ்மாக் கடைகள் 4,829. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். அந்த நிலையம் பிறகு திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில், கிராமத்திலேயே முகாம் போட்டு, குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தது. 1994இல் அந்த அனுபவம் ஆய்விதழிலும் வெளியானது. தொழிலதிபர் குடும்பத்து விதவையின் துக்கம் ஆஸ்பத்திரி ஆக முடிந்தது. அதே துக்கம் உள்ள எங்க தெரு விதவைகளுக்கு அரசைத் தவிர யார் இருக்கிறார்கள்?

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அரசிடம் சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. சங்கிலி போட்டுக் கட்டுவதையும் கட்டாயமாக மொட்டை அடிப்பதையும் தடுக்கிறது. உரிமை என்றால் கேட்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்போம். சிகிச்சை நாட்களுக்குக் கூலி கேட்போம். திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்ற உத்தரவாதம் கேட்போம். வலி தாங்காமல் குடிக்கிற சித்தாள் பெண்களுக்கும் நாற்று நடுகிற பெண்களுக்கும் தனி இடம் கேட்போம்.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கோமாளி, முரடன், பிணம் மூன்றையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். மாலையைக் கழற்றிய மறுநாள் ஒருவன் என்ன செய்கிறான் என்று எழுதுங்கள். குழம்பில் பொடி கலந்தவளிடம் கேட்டு எழுதுங்கள். வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தவனை எழுதுங்கள். குடியை விட்டு மீண்டவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாக்குமூலங்களை இந்தப் பத்திரிகை கேட்டு வாங்கி, அவர்கள் பேசின பாஷையிலேயே வெளியிட வேண்டும். எங்க பெரியம்மாவிடம் முதலில் கேட்கிறேன்.