506க்கும் 71க்கும் நடுவே

2022 நவம்பர் 21. காந்திபுரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் விஜய் ஹசாரே கோப்பை ஒருநாள் ஆட்டம். தமிழ்நாடு, அருணாசலப் பிரதேசம். ஐம்பது ஓவரில் தமிழ்நாடு 2 விக்கெட்டுக்கு 506. நம்ம கோயமுத்தூர்ப் பையன் ஜெகதீசன் 141 பந்தில் 277. சாய் சுதர்சன் 154. முதல் விக்கெட்டுக்கு மட்டும் 416. பதிலுக்கு ஆடிய அருணாசலம் 71க்குச் சுருண்டது. வித்தியாசம் 435 ரன்.

பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர்தான். தொழிற்சங்க ஊர்வலங்களில் என்னோடு நடந்தவர். "இந்தக் கோட்டா டீமையெல்லாம் எவனுங்க உள்ள உட்டது? ஒரு தகுதி வேண்டாமுங்களா?" என்றார்.

எனக்கு டீ கசந்துவிட்டது. அருணாசலத்துக்காரர் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாக்கியத்தைத் தெரியும். எம்.ஏ. தமிழில் சேர்ந்த முதல் வாரத்தில், எனக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தவன் என் காதில் விழும்படி சொன்ன வாக்கியம் அது. ஊர் வேறு, ஆட்டம் வேறு, வாக்கியம் ஒன்று. அன்றிலிருந்து இந்த உள்ளூர் ஒருநாள் ஆட்டங்களை ஒரு பிரதியாக வாசிக்கத் தொடங்கினேன். ரசிகனாக வாசிப்பது வேறு, வளவுக்காரனாக வாசிப்பது வேறு. இது இரண்டாவது வாசிப்பு.

முதலில் ஜெகதீசனைச் சொல்லிவிட வேண்டும், வஞ்சனை இல்லாமல். அந்த 277 அவர் தொடர்ந்து அடித்த ஐந்தாவது சதம். ஒருநாள் ஆட்டத்தில் அதற்கு முன் உலகத்தில் எவரும் அப்படி அடித்ததில்லை. 2002இல் இங்கிலாந்தின் அலிஸ்டர் பிரவுன் எடுத்த 268தான் அதுவரை தனிநபர் சாதனை. அதையும் தாண்டினார். அதே மாதம்தான் சென்னையின் ஐபிஎல் அணி அவரை விடுவித்திருந்தது. 2025 ஜூலையில் ரிஷப் பந்த் காயம்பட்டபோது இந்திய டெஸ்ட் அணிக்கு அழைக்கப்பட்டார். ஆடக் கிடைக்கவில்லை. காலியான காலரிக்கு முன்னால் நடக்கிற உள்ளூர் ஆட்டத்தில் உலக சாதனை செய்தவனுக்கே இவ்வளவு காத்திருப்பு. உலகம் பார்ப்பது ஐபிஎல்லை. ஆனால் ஒருவன் பெயர் முதலில் அட்டையில் ஏறுகிற இடம் இதுதான். வயிறு நிறைகிற இடமும் இதுதான். 2021இல் வாரியம் உயர்த்திய ஊதியப்படி, உள்ளூர் ஒருநாள் ஆட்டம் ஒன்றுக்கு, அனுபவத்தைப் பொறுத்து 40,000 முதல் 60,000 ரூபாய். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியின் மகனுக்கு அந்த ஒரு நாள் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி எனக்குப் பொழுதுபோக்கு அல்ல.

சரி, அருணாசலத்தை உள்ளே விட்டது யார்?

இந்தக் கதையை விளையாட்டுப் பக்கங்கள் சேர்த்துச் சொல்வதில்லை. 2013இல் ஐபிஎல் சூதாட்ட விவகாரம் வெடித்தபோது நீதிமன்றம் போனது பீகார் கிரிக்கெட் சங்கம். 2000இல் மாநிலம் பிரிந்த பிறகு இடத்தை இழந்து வெளியே நின்ற பீகார். இந்திய கிரிக்கெட் வாரியம் தனியார் அமைப்பு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. எங்களை யாரும் கேட்க முடியாது என்பதே அதன் நெடுநாள் வாதம். 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நீ செய்வது பொதுப்பணி, உன்னைக் கேட்க முடியும் என்றது. லோதா குழு வந்தது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கொள்கை வந்தது. 2018-19 பருவத்தில் அருணாசலம், மணிப்பூர், மேகாலயா, மிசோரம், நாகாலாந்து, சிக்கிம், பீகார், உத்தரகாண்ட், புதுச்சேரி என ஒன்பது அணிகள் உள்நாட்டுப் போட்டிகளுக்குள் வந்தன.

அதாவது, தகுதித் தேர்வு எழுதி வரவில்லை. உரிமையாக வந்தார்கள். வழக்காடி வந்தார்கள்.

வந்தவர்கள் தோற்றார்கள். மறைக்க ஒன்றுமில்லை. தமிழ்நாடு இந்த ஒருநாள் கோப்பையை 2002-03இல், அது அகில இந்தியப் போட்டியாகத் தொடங்கிய முதல் பருவத்திலேயே வென்றது. மொத்தம் ஐந்து முறை வென்றிருக்கிறது. பல தலைமுறைகளாகப் புல்தரை, வலை, பயிற்சியாளர், கம்பெனி வேலை எல்லாம் உள்ள அணிக்கும், நான்கு வருடம் முன்னால் கதவு திறக்கப்பட்ட அணிக்கும் நடுவில் 435 ரன் இருப்பதில் என்ன ஆச்சரியம்? அந்த 435ஐத் திறமையின் வித்தியாசம் என்று வாசிப்பதுதான் தப்பு. அது காலத்தின் வித்தியாசம். யாருக்கு எப்போது மைதானம் கிடைத்தது என்பதன் கணக்கு.

இதற்கு அத்தாட்சி பீகார். அதே 2018இல் உள்ளே வந்த அணி. 2024 ஜனவரியில் அது பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை ரஞ்சிக் கோப்பையில் இறக்கியது. வைபவ் சூரியவன்ஷி. 2025 ஏப்ரல் 28இல் ஐபிஎல்லில் 35 பந்தில் சதம் அடித்தபோது அவனுக்கு வயது பதினான்கு. அந்த வருடம் டிசம்பரில் விஜய் ஹசாரே கோப்பையில் 190 அடித்தான். பீகார் 574 எடுத்து, நம்ம 506ஐயும் தாண்டியது. கதவு மூடியே இருந்திருந்தால் இந்தப் பையனின் திறமை எந்தக் கணக்கில் இருந்திருக்கும்? வெளியே நிற்பவனின் திறமையை அளக்க எந்தக் கருவியும் கிடையாது. ஸ்கோர் அட்டை உள்ளே வந்தவனை மட்டும்தான் எண்ணும்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

அவிநாசிப் பக்கம். எங்க அப்புச்சி கவலை இறைக்கிற தோல் பறி தைத்தவர். செருப்பும் தைத்தவர். மோட்டார் வந்ததும் பறி போச்சு, அவர் தொழிலும் போச்சு. ஊருக்கு வெளியே புறம்போக்கில் ஊர்ப் பையன்கள் ஸ்டம்பு நட்டு ஆடுவார்கள். நாங்கள் வளவுப் பையன்கள் நாலைந்து பேர் போவோம். பந்து போடச் சொல்வார்கள். வெயில் இறங்குகிற வரைக்கும் போடுவோம். வேலிக்காத்தான் முள்ளுக்குள் போனால் நாங்கள்தான் எடுத்து வர வேண்டும். பேட்டைத் தொடக்கூடாது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. பேட் எங்கள் கைக்கு வந்ததேயில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரோடு மேட்ச் என்றால் டெம்போவில் எங்களுக்கு இடமிருக்காது. ஒரு தடவை ஒருவன் குறைந்துபோய் என்னை ஏற்றினார்கள். மூன்று விக்கெட் எடுத்தேன். ஆட்டம் முடிந்து அந்த ஊர்க் கடையில் எல்லாருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ. எனக்கு வேறு டம்ளர். எங்கள் கேப்டன் அதைப் பார்த்தான், பார்க்காதமாதிரி திரும்பிக்கொண்டான். தோல் பந்தை நான் முதன்முதலாகத் தொட்டது பத்தொன்பது வயதில், கல்லூரியில். தோல் தைத்த கையின் பேரனுக்கு.

பிறகு பல்வாங்கர் பாலு பற்றிப் படித்தபோது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சாமர் சாதியில் 1876இல் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் தரை உருட்டி, வலையில் துரைகளுக்கு மணிக்கணக்காகப் பந்து போட்டவர். இந்து அணி அவரைச் சேர்த்தது, ஜெயிக்க வேண்டுமே. ஆனால் தேநீர் வேளையில் மற்றவர்கள் உள்ளே, அவருக்கு வெளியே மண் குவளை. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட். கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை இல்லை. தம்பி விட்டல் 1923இல் இந்து அணிக்குத் தலைமை ஏற்றது, அண்ணன் தம்பிகள் அதற்கு முன்பு கோபித்துக்கொண்டு வெளியே போய்ச் சண்டைபோட்ட பிறகுதான். மண் குவளைக்கும் எனக்குத் தந்த டம்ளருக்கும் நடுவே நூறு வருடம்.

இங்கே ஒரு ஒழுங்கு தெரிகிறது. பந்து போடுவது உழைப்பு. உழைப்புக்கு நம்மைக் கூப்பிடுவார்கள். மட்டை செலவு, காலுறை செலவு, பயிற்சி செலவு. அதற்கும் மேலே, முடிவெடுக்கிற கேப்டன் பதவி. அங்கேதான் கதவு.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் கதையை நம்ம பத்திரிகைகள் எப்படி எழுதின என்று பாருங்கள். அப்பா தறிக்கூலி, அம்மா ரோட்டோரக் கடை, டென்னிஸ் பந்து, ஒரு நல்ல அண்ணன், யார்க்கர், பிறகு ஆஸ்திரேலியா. 2020-21இல் வலைப் பந்துவீச்சாளராகப் போனவர், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு இறங்கினார். பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். அந்த மனிதரின் உழைப்புக்கு என் வணக்கம். என் விமர்சனம் கதை சொன்னவர்கள் மீது. 'வறுமையை வென்றார்' என்று எழுதியதோடு பேனாவை மூடிவிட்டார்கள். சின்னப்பம்பட்டியிலிருந்து பந்து போடுகிறவன் ஏன் சென்னை லீக்குக்குப் போய்த்தான் ஆள் ஆக வேண்டும்? பந்துவீச்சு முறையில் சந்தேகம் கிளம்பியபோது, பின்னால் நிற்க ஆள் இல்லாத எத்தனை பையன்கள் அத்தோடு ஊருக்குத் திரும்பியிருப்பார்கள்? இந்தக் கேள்விகள் செய்தியில் வராது. ஒருவன் ஏறிவிட்டான் என்ற செய்தி, ஏணி எல்லாருக்கும் இருக்கிறது என்ற பொய்க்குச் சாட்சியாக்கப்படுகிறது.

சினிமாவாவது பேசியது. 2014இல் வந்த 'ஜீவா'வில் தேர்வாளர் முதுகைத் தட்டிக்கொடுப்பதுபோல் பூணூலைத் தடவிப் பார்க்கிற காட்சிக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. எனக்கு விசில் வரவில்லை. சேப்பாக்கத்துப் பூணூலைக் காட்டுவதில் நம்ம ஊர் ஆதிக்கசாதிக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவரும் சேர்ந்தே கைதட்டுவார். என்னை டெம்போவில் ஏற்றாத கேப்டனுக்குப் பூணூல் கிடையாது. அவன் காட்டுக்காரர் மகன். அந்தக் கேப்டனைத் திரைக்குக் கொண்டுவர இன்னும் பத்து வருடம் ஆயிற்று. 2024இல் 'ப்ளூ ஸ்டார்', பிறகு 'லப்பர் பந்து'. ஊர் டீமில் சேர்க்காததன் வலியை 'லப்பர் பந்து' சிரிக்க வைத்துக்கொண்டே சொன்னது. அந்தப் படத்தைப் பார்த்துக் கண்கலங்கிய எங்க ஊர்க்காரர்கள் அந்த ஞாயிறு யாரைக் கூப்பிட்டுக்கொண்டு ஆடப் போனார்கள் என்பதுதான் விமர்சனத்தின் அடுத்த கேள்வி.

கோட்டா என்றால் ஆட்டம் கெட்டுவிடும் என்கிறவர்கள் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கட்டும். 2016இல் அந்த நாட்டு வாரியம் வெளிப்படையாக இலக்கு வைத்தது: ஒரு பருவத்தின் சராசரியில் அணியில் வெள்ளையரல்லாதார் ஆறு பேர், அதில் கறுப்பு ஆப்பிரிக்கர் குறைந்தது இரண்டு பேர். டெம்பா பவுமாவை வருடக்கணக்காகக் கோட்டா ஆள் என்று கேலி பேசினார்கள். 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில், தொடைத் தசை இழுத்துப் பிடிக்க நொண்டிக்கொண்டே 66 எடுத்து, ஆஸ்திரேலியாவை வீழ்த்தி உலக டெஸ்ட் கோப்பையைத் தூக்கிய கேப்டன் அவர்தான். இங்கே 2017இல் ராம்தாஸ் அத்வாலே 25 சதவீதம் கேட்டபோது சிரித்ததோடு சரி. எண்ணிப் பார்க்கக்கூட நம்மவர்கள் தயாரில்லை. எண்ணினால் தெரிந்துவிடும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2018இல் திறந்த கதவு மாநிலங்களுக்கானது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு கிடைத்தது, வளவுக்கு ஒரு வாக்கு கிடைக்கவில்லை. அந்தந்த மாநிலச் சங்கத்துக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. ஆகவே நம் வேலை மாவட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். மாவட்டச் சங்கங்களில் பதிவான வீரர்களின் சமூகக் கணக்கு வெளியே வர வேண்டும். தேர்வு நாள் அரசுப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கேரம் போர்டு மட்டும் போதாது, வலையும் தோல் பந்தும் வேண்டும்.

எங்கள் மாலைப்பள்ளியில் ஒரு இடதுகைப் பையன் இருக்கிறான். நல்ல வேகம். அவனுக்கு நான் 506 கதையைச் சொன்னேன். ஜெகதீசன் அடித்த பதினைந்து சிக்சரையும் கேட்டுக் கேட்டுச் சிரித்தான். கடைசியில் கேட்டான்:

"அண்ணா, அந்த எழுவத்தொண்ணு அடிச்சவங்க மறுக்கா ஆட வந்தாங்களா?"

வந்தாங்கடா தம்பி. அடுத்த வருசமும் வந்தாங்க. அதுக்கடுத்த வருசமும் வந்தாங்க. அவங்க பேரை லிஸ்ட்ல இருந்து இனி யாராலயும் அடிக்க முடியாது.